ரோம் க்ரூஸ்ல இறங்கி 12:05 ஃபிளைட் பிடிக்க முடியுமா? அம்மாவும் கூட வர்றாங்க

#1 மயிலைவாசி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் என் முதல் கேள்வி. செப்டம்பர்ல நாங்க அஞ்சு பேர் மெடிட்டரேனியன் க்ரூஸ் போறோம், நான், மனைவி, ரெண்டு பசங்க, என் அம்மா. பார்சிலோனால ஏறி 7 ராத்திரி கழிச்சு ரோம்ல இறங்கறோம். இறங்கற நாள் ஞாயித்துக்கிழமை, கப்பல் காலைல 7 மணிக்கு வந்துடும்னு போட்டிருக்கு. ஃபியூமிச்சினோ ஏர்போர்ட்ல இருந்து 12:05க்கு வளைகுடா வழியா சென்னை ஃபிளைட். அஞ்சு மணி நேரம் இருக்கே, தாராளம்னு நெனச்சுதான் டிக்கெட் போட்டேன். நேத்து ராத்திரி மேப்ல பாத்தப்பதான் தெரியுது, கப்பல் ரோம்ல நிக்கவே இல்ல, சிவிட்டவெக்கியான்னு வேற ஒரு ஊர்ல நிக்குது, அதுல இருந்து தூக்கமே வரல. அம்மாவுக்கு 71 வயசு, முட்டி வலி, மெதுவாத்தான் நடப்பாங்க. அவங்களுக்கு இதான் முதல் வெளிநாட்டுப் பயணம். போய் வந்தவங்க யாராவது இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க, ஃபிளைட்ட மாத்தணுமா வேண்டாமா?

#2 கொங்குப்பையன்

வணக்கம்ங்க. தூரத்த நெனச்சு பயப்படாதீங்க. சிவிட்டவெக்கியால இருந்து ஃபியூமிச்சினோ சுமார் 65 கிலோமீட்டர்தானுங்க. ஏ12னு ஒரு ஹைவே இருக்கு, ரோம் சிட்டிக்குள்ள நுழையவே வேண்டியதில்ல, ஞாயித்துக்கிழமை காலைல கார்ல முக்கா மணில இருந்து ஒரு மணி நேரத்துல போயிடலாம்.

நான் போனப்ப ட்ரெயின்ல போனேன், ஒரு பொட்டி ஒரு பைதான் என்கிட்ட. போர்ட்டுக்குள்ள லாரி, ஃபெர்ரி போற வண்டின்னு ஓடிட்டே இருக்கும், ஷட்டில் பஸ்லதான் வெளிய வரணும். அது லார்கோ டெல்லா பாச்சேங்கற எடத்துல இறக்கி விடும். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு டவுன் பஸ், இல்லாட்டி நடை. ஸ்டேஷன்ல ரோம் போற ரீஜனல் ட்ரெயின் ஏறி, ரோம் மெயின் ஸ்டேஷன் டெர்மினி வரைக்கும் போகாம அதுக்கு முன்னாடி டிராஸ்டெவரே ஸ்டேஷன்ல இறங்கிட்டா எஃப்எல்1 ட்ரெயின் ஏர்போர்ட்டுக்கே போகும், 8 யூரோ. டெர்மினி வரைக்கும் போயி ஏர்போர்ட்டுக்குன்னே ஓடற லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ட்ரெயின பிடிக்கறதும் உண்டு, 14 யூரோ, 32 நிமிஷம், ஆனா ஏர்போர்ட் மேக்கால இருக்க நீங்க கெழக்க போயிட்டு திரும்பி வர்ற மாதிரி ஆயிடும். பேப்பர் டிக்கெட் வாங்குனா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்து மெஷின்ல குத்திக்கோங்க, மறந்தா ஃபைன்.

ஆனா அஞ்சு பேரு, முட்டி வலிக்கற அம்மா, எப்படியும் ஆறேழு பொட்டி. உங்களுக்கு ட்ரெயின் வேண்டாமுங்க. வேன் சொல்லிருங்க.

#3 டெக்4

நான் 6 வருஷம் கப்பல்ல ஹவுஸ்கீப்பிங்ல இருந்தவன், அதுல ரெண்டு சீசன் முழுக்க மெடிட்டரேனியன்தான். சார், நீங்க கணக்கு போட்டதுல ஒரு தப்பு இருக்கு, அத முதல்ல சொல்லிடறேன். 7 மணிங்கறது கப்பல் கரை சேர்ற டைம். நீங்க கரைல கால் வைக்கற டைம் இல்ல.

கயிறு கட்டி முடிச்சு, கேங்வே, அதான் இறங்கற பாலம், போட்டு, உள்ளூர் அதிகாரிங்க கப்பலுக்கு கிளியரன்ஸ் குடுக்கற வரைக்கும் ஒரு ஆள் கூட இறங்க முடியாது. நல்ல நாளா இருந்தா அரை மணி, முக்கா மணி. காத்து அடிச்சாலோ, கப்பலுக்கு வழி காட்டற துறைமுக பைலட் லேட்டா ஏறினாலோ எல்லாமே தள்ளிப் போகும். அதுக்கப்புறம்தான் ஆளுங்கள இறக்குவாங்க, அதுவும் ஒரே நேரத்துல இல்ல. பெரிய கப்பல்ல 4000 பேர், 5000 பேர் இருப்பாங்க, எல்லாரும் ஒரே காலைல இறங்கணும், மத்தியானமே அடுத்த கூட்டம் ஏறிடும்.

முதல் நாள் ராத்திரி உங்க பொட்டிக்கு கலர் டேக் குடுப்பாங்க, நம்பர் போட்டு. டேக் கட்டி ரூம் வாசல்ல வெச்சிடணும், நாங்க ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போயி கீழ கம்பிக்கூண்டு வண்டிகள்ல அடுக்குவோம். காலைல ஃபோர்க்லிஃப்ட் அந்தக் கூண்டுகள டெர்மினலுக்கு இறக்கும். உங்க கலர கூப்பிட்டாதான் நீங்க இறங்கணும், இறங்கி அந்த ஹால்ல ஆயிரக்கணக்குல நிக்கற பொட்டில உங்களத தேடணும். எல்லாமே கறுப்புப் பொட்டி. லேட் டேக் வந்துச்சுன்னா 9:30, 10 கூட ஆகும். அப்புறம் வேன், அப்புறம் ஒரு மணி நேரம் ரோடு, போய்ச் சேரும்போது 11:15. ஏர்லைன் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடும், உங்களுக்கு 11:05. புரியுதா சார்?

இன்னொரு வழி இருக்கு. செல்ஃப் டிஸ்எம்பார்க்னு சொல்லுவாங்க, உங்க பொட்டிய நீங்களே இழுத்துட்டு முதல் ஆளா இறங்கறது. 7:45, 8க்கு வெளிய வந்துடலாம். ஆனா போர்ட்டர் கிடையாது, லிஃப்ட்ல செம கூட்டம்.

#4 லண்டன்யாழ்

வணக்கம் மயிலைவாசி. எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன், வாசிச்சிட்டு முடிவெடுங்கோ.

2023 ஓகஸ்ட்ல நாங்கள் ஆறு பேர் இதே சிவிட்டவெக்கியாவில இறங்கினனாங்கள். லண்டன் பிளைட் 12:30. கப்பலிலேயே ட்ரான்ஸ்பர் பஸ் டிக்கற் வித்தவை, அவையிட பஸ்தானே, பிந்தினாலும் அவை பாத்துக்கொள்ளுவினம் எண்டு நம்பி வாங்கினனாங்கள். எட்டரைக்கு கப்பலால இறங்கி, சூட்கேஸ் எல்லாம் எடுத்து ஒன்பதுக்கு பஸ்ஸில ஏறி இருந்தாச்சு. பஸ் வெளிக்கிடேல்ல. ஏனெண்டால் பஸ் நிரம்பேல்ல. பின்னால இறங்கிற ஆக்களுக்காக ஒரு மணித்தியாலத்துக்கு மேல அந்த வெயிலுக்க நிண்டது. எங்கட மாமி கைப்பையை மடியில வச்சுக்கொண்டு ஒவ்வொரு அஞ்சு நிமிசத்துக்கும் "இப்ப எத்தினை மணி" எண்டு கேட்டுக்கொண்டு இருந்தவ, அந்தக் குரல் இன்னும் காதுக்க நிக்குது. 11:35க்குத்தான் ஏர்போட்டுக்குள்ள ஓடினது. கவுண்டர் மூடியாச்சு. ஆறு பேருக்கும் புதுசா ஒரு வழி டிக்கற், அடுத்த நாள் விடியக் காலமைதான் கிடைச்சது.

அந்தப் பிளைட் டிக்கற் நாங்கள் தனியா வாங்கினது, கப்பல்க்காரர் மூலமா இல்லை. அதால அவை கை விரிச்சிட்டினம். ஏர்லைனிலயும் பிழை இல்லை, பிளைட் நேரத்துக்குத்தானே போனது. ஐரோப்பாவில பிளைட் பிந்தினால் நட்டஈடு தரச்சொல்லிச் சட்டம் இருக்கு, ஆனால் நாங்கள் பிந்தினால் ஒருத்தரும் தராயினம். கப்பலும் பிளைட்டும் ஒரே பக்கேஜா வாங்கினவைய மட்டும் வேற பிளைட்டில ஏத்தி விட்டவை, அதைக் கண்ணால கண்டனான்.

நான் எண்டால் மாத்துவன்.

#5 அண்ணாநகர்_அருண்

இவ்ளோ பயமுறுத்தாதீங்கப்பா. நாங்க போன வருஷம் 11:30 ஃபிளைட்டே பிடிச்சோம், நானும் என் வொய்ஃபும். செல்ஃப் டிஸ்எம்பார்க் போட்டு, வெளில டிரைவர் போர்டு பிடிச்சு நின்னாரு, 9:10க்கு டெர்மினல் 3 வாசல்ல இருந்தோம், உள்ள காபி குடிச்சு பீட்சா சாப்டு டைம் இருந்துச்சு. ப்ரோ, வேன மட்டும் முன்னாடியே புக் பண்ணிடுங்க. அங்க போயி டாக்ஸி தேடாதீங்க. ஃபியூமிச்சினோவுக்கு ஃபிக்ஸட் ரேட்னு கேள்விப்படுவீங்க, அது ரோம் பழைய கோட்டைச் சுவருக்கு உள்ள இருந்து போறதுக்குத்தான், சிவிட்டவெக்கியா அதுல சேராது. அஞ்சு பேருக்கு ஒரு சாதா டாக்ஸி பத்தவும் பத்தாது.

#6 மயிலைவாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லண்டன்யாழ், உங்க மாமி கதைய வீட்ல படிச்சுக் காட்டினேன், அம்மா ஒண்ணுமே பேசல, எழுந்து போயிட்டாங்க. அருண் சொன்ன மாதிரி செல்ஃப் டிஸ்எம்பார்க் போட்டு, அம்மாவுக்கு மட்டும் கப்பல்ல வீல்சேர் கேட்டுட்டா சரியாயிடுமா? பெரியவனுக்கு 14 வயசு, ரெண்டு பொட்டி இழுப்பான்.

#7 டெக்4

சார் இங்கதான் நிறைய குடும்பம் மாட்டிக்கறாங்க. செல்ஃப் டிஸ்எம்பார்க்கும் வீல்சேரும் சேந்து போகாது. வீல்சேர் கேட்டீங்கன்னா அவங்களுக்குன்னு ஒரு லவுஞ்ச் சொல்லுவாங்க, குறிச்ச நேரத்துல அங்க போயி உக்காரணும். தள்ற ஆள் ஒருத்தர கொண்டு போய் டெர்மினல்ல விட்டுட்டு, திரும்பி வந்துதான் அடுத்தவங்கள எடுப்பாரு. 40 பேர் உக்காந்திருப்பாங்க, தள்ள 12 பேர் இருப்போம். நான் அந்த டூட்டி பாத்திருக்கேன். முதல் ஆளயும் தள்ளியிருக்கேன், கடைசி ஆளயும் தள்ளியிருக்கேன், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு. அந்த கடைசி பெரியவங்க முகத்த பாத்து "இன்னும் அஞ்சு நிமிஷம் மேடம்"னு சொல்லிட்டே இருக்கணும், நமக்கே கஷ்டமா இருக்கும்.

அம்மாவால மெதுவாவாவது நடக்க முடியும்னா, கேங்வே சரிவும் டெர்மினலும் சேத்து கொஞ்சம் நடைதான், நீங்க பக்கத்துல இருந்தா போதும். முடியாதுன்னா 12:05 மறந்துடுங்க.

அப்புறம் பாஸ்போர்ட். சில கப்பல்ல இந்தியன் பாஸ்போர்ட்ட ஏறும்போதே வாங்கி வெச்சுப்பாங்க. கடைசி நாளோ அதுக்கு முதல் நாளோ திருப்பித் தருவாங்க, எங்க எப்பன்னு ரூமுக்கு பேப்பர் வரும், அத படிக்காம கடைசி நாள் காலைல ஓடறவங்கள பாத்திருக்கேன். ராத்திரி பொட்டிய வெளிய வெக்கறதா இருந்தா மாத்திரை, செருப்பு, காலைல போடற துணி எல்லாம் கைப்பைல இருக்கணும். ஒரு அம்மா நைட்டியோட பிரேக்ஃபாஸ்ட்டுக்கு வந்து அழுதாங்க, மொத்த துணியும் பொட்டில போயிடுச்சு. அவங்கள உக்கார வெச்சு எங்க சூப்பர்வைசர் தன்னோட ஜாக்கெட்ட குடுத்தாரு.

#8 கொங்குப்பையன்

இன்னொன்னு விட்டுப்போச்சுங்க. இத்தாலில ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், ஷோப்பெரோன்னு சொல்லுவாங்க. தேதிய முன்னாடியே அவங்க போக்குவரத்து அமைச்சகம் வெப்சைட்ல போட்டுருவாங்க, போற வாரத்துல ஒருக்கா பாத்துக்கோங்க. வேலை நாள்ல ஸ்ட்ரைக் வந்தாலும் ரீஜனல் ட்ரெயின் காலைல 6 டு 9, சாயங்காலம் 6 டு 9 ஓடியாகணும்னு விதி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு அது கிடையாதுங்க. அதனாலயும் ட்ரெயின நம்பாதீங்க.

#9 ஹார்பர்_ரம்யா

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், மயிலைவாசிக்கு நடந்தது நிறைய பேருக்கு நடக்குது, அதனால சொல்றேன். க்ரூஸ் பேப்பர்ல போட்டிருக்கற ஊர் பேர நம்பி ஃபிளைட் போடாதீங்க. ரோம்னா சிவிட்டவெக்கியா. ஃப்ளாரன்ஸ்னா லிவோர்னோ, 90 கிலோமீட்டர். பாரிஸ்னு போட்டிருந்தா அது லெ ஆவ்ர், கிட்டத்தட்ட 200. லண்டன்னா சவுத்ஹாம்ப்டனா இருக்கும், ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கே 100க்கு மேல. பெர்லின்னா வார்னமுண்டே, பால்டிக் கடல் ஓரம்! வெனிஸ் இன்னும் மோசம், 2021 ஆகஸ்ட் 1ல இருந்து பெரிய கப்பல்கள் ஊருக்கு நடுவுல இருக்கற ஜூடெக்கா கால்வாய் வழியா வரக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, அதனால சில கப்பல் பக்கத்துல மார்கெராவுக்கு வரும், சிலது ராவென்னாவுக்கோ ட்ரியெஸ்டேவுக்கோ போயிடும். ராவென்னால இருந்து வெனிஸ் ஏர்போர்ட் ரோட்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல. துறைமுகத்தோட பேர் என்னன்னு கேட்டு, அத மேப்ல போட்டுப் பாத்துட்டுத்தான் டிக்கெட்.

மயிலைவாசி, ஏர்போர்ட்டுக்குள்ளயும் டைம் வேணும். ஐரோப்பால 2025 அக்டோபர் 12ல இருந்து ஈஈஎஸ்னு புது முறை ஆரம்பிச்சு படிப்படியா கொண்டு வந்துட்டாங்க, ஸ்டாம்ப் அடிக்கறதுக்கு பதிலா கைரேகை, ஃபோட்டோ. பார்சிலோனால நுழையும்போது பதிஞ்சிருப்பாங்க, வெளிய போகும்போது சரிபாப்பாங்க, ஆனா க்யூ க்யூதான். ஷாப்பிங் பண்ணி டாக்ஸ் ரீஃபண்ட் வாங்கணும்னா அதுக்கு தனி க்யூ. விசா பத்தி ஒரு வார்த்தை, உங்க கப்பல் நடுவுல துனிசியா, துருக்கி மாதிரி ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசால போற ஐரோப்பிய நாடுகளுக்கு, வெளிய எங்கயாவது நிக்குதான்னு பாருங்க. நின்னா ஒரே ஒரு தடவ நுழையற சிங்கிள் என்ட்ரி விசா போதாது.

#10 அண்ணாநகர்_அருண்

ரம்யா அக்கா சொன்ன லிஸ்ட்ட சேவ் பண்ணிட்டேன். மயிலைவாசி ப்ரோ, வீல்சேர் விஷயம் எனக்கு தெரியாது, நாங்க ரெண்டு பேரும் ஓடற வயசு. என் கேஸ வெச்சு நீங்க முடிவு பண்ண வேண்டாம், மாத்திடுங்க.

#11 மயிலைவாசி

மாத்திட்டேன். அதே ஏர்லைன்ல 15:25 இருந்துச்சு, ஆளுக்கு 9 ஆயிரம் சொச்சம், அஞ்சு பேருக்கு 46 ஆயிரம் கிட்ட ஆச்சு. மனசு வலிக்குது, பொய் சொல்லல. ஆனா நேத்து சாப்பிடும்போது அம்மா தட்டப் பாத்துட்டே "என்னால உங்களுக்கு லேட் ஆச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்"னு கேட்டாங்க, அத கேட்டுட்டு அந்த 12:05 டிக்கெட்ட வெச்சுட்டு என்னால கப்பல் ஏற முடியாது. கப்பல் நடுவுல ஷெங்கனுக்கு வெளிய எங்கயும் நிக்கல, எல்லாம் ஷெங்கன்தான், செக் பண்ணிட்டேன். வீல்சேர் கேட்டிருக்கேன். வேன் 9:30க்கு சொல்லியிருக்கேன், கப்பல் லேட்டானா காத்திருப்பாங்களான்னு எழுதிக் கேட்டு பதிலும் வாங்கி வெச்சிருக்கேன். போயிட்டு வந்து எழுதறேன்.

#12 டெக்4

நல்ல முடிவு சார். பொட்டில ஒரு கலர் துணி கட்டுங்க, ஹால்ல தூரத்துல இருந்தே தெரியும். அம்மாவுக்கு ஒரு சின்ன தண்ணி பாட்டில், ரெண்டு பிஸ்கட் கைல குடுங்க, லவுஞ்ச்ல காத்திருக்கும்போது வேணும்.

#13 மயிலைவாசி

வந்துட்டோம். மூணு நாள் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது. அந்த கடைசி காலைய மட்டும் சொல்றேன், அதுக்குத்தானே இந்த இழை.

கப்பல் 7:20க்கு கட்டினாங்க. செல்ஃப் டிஸ்எம்பார்க் ஆளுங்க ஆறரைல இருந்தே படிக்கட்டுல பொட்டியோட நின்னுட்டு இருந்தாங்க, அவங்கள விட்டதே 8:05க்குத்தான். எங்களுக்கு வீல்சேர் லவுஞ்ச்ல 8 மணின்னு போட்டிருந்தாங்க. டெக்4 சொன்னது அப்படியே நடந்துச்சு, உள்ள முப்பது பேருக்கு மேல. அம்மாவோட முறை வந்தது 8:50க்கு. ஒரு இந்தோனேசியப் பையன் தள்ளிட்டு வந்தான். கேங்வே சரிவுல இறங்கும்போது நாற்காலிய திருப்பி, அம்மா கப்பலப் பாத்த மாதிரி பின்னாலயே இறக்கினான், அம்மா என் கைய கெட்டியா பிடிச்சுட்டாங்க. கீழ வந்ததும் அவன் கைல வெக்கறதுக்கு யூரோ தேடினேன், அம்மா அதுக்கு முன்னாடி தன் பைல இருந்து ஒரு தட்டை பாக்கெட்ட எடுத்து அவன்கிட்ட குடுத்துட்டாங்க. அவன் ரெண்டு கையாலயும் வாங்கிட்டு குனிஞ்சு வணக்கம் வெச்சான்.

பொட்டி ஹால்ல எங்களது ஆறும் பத்து நிமிஷத்துல கெடச்சுது, என் மனைவியோட பழைய சுங்குடிப் புடவைய கிழிச்சு மஞ்சளா கட்டியிருந்தோம். 9:25க்கு வேன் வந்து நின்னுச்சு. ஏ12ல ஒரு நெரிசலும் இல்ல, 10:25க்கு டெர்மினல் 3. உள்ளபடி சொல்லணும்னா, அந்த நேரத்துக்கு 12:05 கவுண்டர் திறந்துதான் இருந்துச்சு, நான் போயி போர்ட பாத்தேன். 40 நிமிஷம் மிச்சம். ஒருவேளை பிடிச்சிருப்போம். ஆனா எங்களுக்கு செக்யூரிட்டி முடிஞ்சு பாஸ்போர்ட் க்யூல முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதையும் சேத்தா ஓடித்தான் ஏறியிருக்கணும், அம்மாவ ஓட வெச்சிருக்க முடியாது.

மதியம் வரைக்கும் கேட் கிட்ட உக்காந்திருந்தோம். அம்மா செருப்ப கழட்டிட்டு பொட்டி மேல கால நீட்டிட்டு, சின்னவன் அவங்க மடில தலை வெச்சுத் தூங்க, கண்ணாடிக்கு வெளில விமானம் ஏறறத பாத்துட்டே இருந்தாங்க. 12 மணி வாக்குல ஒண்ணு கிளம்பிச்சு, "அது நம்ம பழைய ஃபிளைட்டாடா?"ன்னு கேட்டாங்க. தெரியலம்மான்னேன்.

எல்லாருக்கும் நன்றி. லண்டன்யாழ், உங்க மாமிய விசாரிச்சதா எங்கம்மா சொல்லச் சொன்னாங்க.

#14 லண்டன்யாழ்

சொல்லிப்போட்டன். மாமிக்குச் சரியான சந்தோசம். தட்டைக்கு செய்முறை கேக்கிறா.

#15 புதுக்கோட்டை_செல்வி

இந்த இழை முழுக்க படிச்சேன், கண்ணு கலங்கிடுச்சு. நாங்க மே மாசம் பார்சிலோனால இறங்கறோம், கப்பல் 6 மணி, ஃபிளைட் 1 மணி. மாமியார் கூட வர்றாங்க, வீல்சேர் வேணும். போதுமா அண்ணா?

#16 மயிலைவாசி

போதும்மா. பார்சிலோனால துறைமுகம் ஊருக்குள்ளயே இருக்கு, ஏர்போர்ட்டும் கிட்டதான், க்ரூஸ் டெர்மினல்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு டாக்ஸில ஃபிக்ஸட் ரேட் உண்டு. கப்பல்ல முதல் நாளே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போயி ஃபிளைட் டைம சொல்லி சீக்கிரமா இறங்கற டேக் கேளுங்க, கடைசி நாள் போனா அங்க க்யூ நிக்கும். வீல்சேரயும் அப்பவே எழுதி வெச்சிடுங்க. எத்தனை பொட்டின்னு சொல்லுங்க, டாக்ஸி ஒண்ணா ரெண்டான்னு பாத்துச் சொல்றேன்.